எழுந்து நின்றது

13 பிப்ரவரி 1972, ஞாயிறு

இன்று நான் சொல்லாமல் விட்டது இது: நான் அதற்காக எழுந்து நிற்கவில்லை.

எங்கள் சபையின் கன்வென்ஷன் கூட்டங்களின் கடைசி மாலை. பந்தலில் பெண்கள் பக்கம், பின்வரிசைப் பாயில் அம்மாவும் நானும். அஞ்சலையை முன்னால் சிறுபிள்ளைகளோடு உட்கார வைத்திருந்தேன். என் வகுப்புப் பிள்ளை. எட்டு வயது, பிறவியிலேயே காது கேட்காது. அவள் அம்மா தேசம்மா மீன் கூடையோடு போகிற ஞாயிறுகளில் அவள் எங்களோடுதான் இருப்பாள்.

பிரசங்கியார் எல்லோரையும் கண்களை மூடச் சொன்னார். வடக்கே முழுநேர ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்.

எனக்கு ஜெபத்தில் கண்ணை மூடும் வழக்கம் போய்விட்டது. நான் வேலை பார்க்கும் காது கேளாதோர் பள்ளியில் காலைப் பிரார்த்தனையை எங்கள் பிள்ளைகள் என் உதட்டைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். நான் கண்ணை மூடித் தலை கவிழ்ந்தால் அவர்களுக்குப் பிரார்த்தனையும் இல்லை, டீச்சரும் இல்லை. அதனால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் எல்லோரும் திடீரென்று தலை கவிழ்ந்தால் அஞ்சலைக்கு என்ன புரியும்? திரும்பித் திரும்பி என்னைத் தேடினாள். வாய் கோணிக்கொண்டு வந்தது. என் முகம் அவளுக்குத் தெரிய வேண்டுமே என்று எழுந்து நின்றேன். 'ஜெபம். உட்கார்' என்று உதட்டால் சொன்னேன். உட்கார்ந்தாள்.

"அதோ, பின்னால் ஒரு சகோதரி! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்றார் பிரசங்கியார்.

எல்லோரும் கண்ணை மூடித்தான் இருந்தார்கள். ஆனால் நான் நின்றதைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏளா, மூணு பிள்ள தங்காமப் போன பெறகு நீ வயித்துல கெடந்த. அப்பமே பொருத்தனை பண்ணுனேன், பெழச்சா ஊழியத்துக்குத்தான்னு. ஒங்க அப்பாட்ட கூடச் சொல்லல. நீயா எந்திரிக்கட்டும்னு இத்தன வருசம் காத்துக் கெடந்தேன்."

அந்தக் கையை உதறிவிட்டு என்ன சொல்வது?


14 பிப்ரவரி

பள்ளிக்குப் போனேன். ஒன்றும் நடக்காதது போல 'ப' சொல்லிக் கொடுத்தேன்.


17 பிப்ரவரி, வியாழன்

சபைப் போதகர் ஐயரவர்கள் வீட்டுக்கு வந்தார். ஜூன் மாதம் மிஷன் சங்கத்தின் பயிற்சி தொடங்குகிறதாம். ஒரு வருடப் பயிற்சிக்குப் பிறகு பீகாரில் மலைக்கிராமம். "ஆண்டவர் நம்ம சபையை நினைத்தருளினார்" என்றார். அம்மா காப்பியோடு முறுக்கும் வைத்தாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் முறுக்கு சுட்டது இதற்குத்தான்.

அவர் போனதும் அப்பாவிடம், "அப்பா, நான் இன்னும் நிச்சயம் பண்ணவில்லை" என்றேன். அப்பா செய்தித்தாளை மடக்கவே இல்லை. "எந்திரிச்சு நின்னத ஊரே பாத்துட்டு. இனி உக்கார முடியுமாக்கும்?" என்று சிரித்தார். அவருக்கு வேடிக்கை.


25 பிப்ரவரி

தூக்கம் பிடிக்காமல் யோசித்தது. பிலேயாமின் கழுதையைப் பேச வைத்தவர் என் காலை நிமிர்த்தியிருக்க மாட்டாரா? தவறுதலாக நின்றேன் என்று நான் நினைக்கலாம். அவருக்கும் அது தவறுதல்தானா?

யோனா கர்த்தர் போகச் சொன்ன நினிவேக்குப் பயந்து தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினான். நான் பீகாருக்குப் பயந்து மயிலாப்பூரில் ஒளிந்துகொள்கிறேனா? இங்கே என்ன கஷ்டம் எனக்கு — வீட்டுச் சாப்பாடு, நூலகப் புத்தகம், லஸ் வரை நடை. சுகமாக இருப்பதையே அழைப்பு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேனோ?

ஆனால் ஒன்று. பிள்ளை பிறந்தால் ஆலயத்துக்கென்று அன்னாள் பொருத்தனை பண்ணினாள், சரி. அவள் மகன் சாமுவேலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஆண்டவர், அன்னாள் இல்லையே.

என்னை யாரும் கூப்பிடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.


6 மார்ச், திங்கள்

அஞ்சலைக்கு 'ப' வந்துவிட்டது. வாய்க்கு முன்னால் பிடித்த காகிதத் துண்டு ஆடுகிறது. இப்போது 'ம'. என் மூக்கின்மேல் விரலை வைத்து அதிர்வைப் பிடிக்கிறாள், பிறகு தன் மூக்கின்மேல். நான் பலகையில் எழுதக் குனிந்தபடியே பேசினால் பொறுக்க மாட்டாள். வந்து என் தாடையைப் பிடித்து நிமிர்த்துவாள். சின்ன விரல், எப்போதும் மீன் வாசனை.

தலைமையாசிரியை ஜெயலக்ஷ்மி மாமியிடம், வடக்கே போக வேண்டிவரலாம் என்று இன்று சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"இதுக்குன்னு படிச்சவா இந்த ஊர்ல எத்தனை பேர்டீ இருக்கா? உன் கிளாஸை நான் யார்கிட்டே குடுப்பேன்?"

"கடவுள் கூப்பிட்டால் போகத்தானே வேண்டும், மேடம்?"

"கூப்பிட்டாரா?"

கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"சரி, உங்க சாமிகிட்ட நான் வேணா பேசிப் பாக்கறேன். கபாலி சிபாரிசு பண்ணுவார்" என்றார். இருவரும் சிரித்தோம். வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன்.


11 மார்ச்

மந்தைவெளியில் தேசம்மா கூடையை இறக்கி வைத்து வழி மறித்தாள். "இன்னா டீச்சரம்மா, வடக்க போறியாமே? மெய்யாவா?" மாமிதான் சொல்லியிருப்பார்.

"இன்னும் முடிவாகவில்லை."

"அங்க இருக்கிற புள்ளைங்களுக்கும் காது கேக்காதா?"

"இல்லை, அது வேறு வேலை. கடவுள் வேலை."

"அப்போ இங்க நீ பண்ணிக்கினு கீறது ஆரு வேல?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வெயில்.


26 மார்ச், குருத்தோலை ஞாயிறு

ஐயரவர்கள் அறிவிப்பில் வாசித்துவிட்டார். ஈஸ்டர் முடிந்த மறு ஞாயிறு நான் சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டும், அழைப்பை எப்படி உணர்ந்தேன் என்று. பெண்கள் ஐக்கிய சங்கம் எனக்கு ஒரு கம்பளி வாங்கி வைத்திருக்கிறதாம். பீகாரில் குளிராம். கம்பளி! மெட்ராஸில் மார்ச் மாதம் கம்பளி வாங்கியிருக்கிறார்கள்.

இனி எப்படிச் சொல்வேன்?


31 மார்ச், பெரிய வெள்ளி

அம்மாவிடம் சொல்லத் தொடங்கினேன். "அம்மா, அன்றைக்குப் பந்தலில் —"

"அன்னைக்குத்தாம்ளா எனக்கு உயிர் வந்தது" என்றாள்.




9 ஏப்ரல், ஞாயிறு

சொல்லிவிட்டேன். பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, எழுதி வைத்திருந்த சாட்சியைப் பைபிளுக்குள்ளேயே விட்டுவிட்டு. ஒரு காது கேளாத பிள்ளை பயந்தாள், அவள் என்னைப் பார்க்கட்டும் என்று எழுந்தேன், ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்து நான் நிற்கவில்லை, மறுநாளே சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன். இவ்வளவுதான். வடக்கே எனக்கு அழைப்பு உண்டா என்று எனக்குத் தெரியாது, கேட்காத சத்தத்தைக் கேட்டதாக ஆலயத்தில் சொல்ல முடியவில்லை என்றேன்.

ஆண்கள் பக்கம் யாரோ இருமினார். ஐயரவர்கள் ஆமென் சொல்லத் தாமதித்தார். பிறகு, "உண்மை சொன்னதற்கு ஸ்தோத்திரம்" என்றார். அந்தக் குரலில் ஸ்தோத்திரம் இல்லை.

அம்மா பாட்டுப் புத்தகத்திலிருந்து தலை தூக்கவே இல்லை. அபிராமபுரத்தில் எங்கள் வீடு வரை எனக்கு முன்னால் நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் சொன்னாள்: "நீ பொய் சொல்லல. ஆனா நான் ஆண்டவருக்குப் பொய் சொன்னவளா ஆயிட்டேன்."


23 ஏப்ரல்

அம்மா என்னோடு பேசுவதில்லை. காலை உபவாசம். என்னை மன்னிக்கச் சொல்லி ஜெபிக்கிறாளா, தன்னையா? கேட்கத் துணிவில்லை.


15 மே, திங்கள்

டைபாய்டு. பேனா பிடிக்கவே கனக்கிறது. அம்மா இரவும் பகலும் ஈரத்துணி வைக்கிறாள். கண்ணில் பயம். பொருத்தனையை முறித்ததற்கு ஆண்டவர் என்னைத் திரும்ப வாங்குகிறார் என்று நினைக்கிறாள் — எனக்குத் தெரிகிறது. சொல்லமாட்டாள்.

எனக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது. இப்படிப்பட்டவரா அவர்? அப்படி நினைப்பதே பாவமா?


24 மே

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கஞ்சி.

தேசம்மா சங்கரா மீனும் அஞ்சலையுமாக வந்தாள். "டீச்சரம்மா, இது ஊட்ல இருக்க மாட்டேங்குது. ஒன்னப் பாக்கணுமாம், கைய கைய காமிச்சிக்கினு கீது." பிள்ளையை விட்டுவிட்டு வியாபாரத்துக்குப் போய்விட்டாள்.

என் கட்டிலிலிருந்து அடுக்களை தெரியும். அம்மா அருவாமணையில் மீனை ஆய்ந்துகொண்டே குனிந்தபடி அஞ்சலையிடம் ஏதோ கேட்டாள் — சாப்பிட்டியா என்று இருக்கும். அஞ்சலை பக்கத்தில் போய்க் குத்த வைத்து, அம்மாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

அம்மா அசையவில்லை. கையில் செதில்.

மறுபடி கேட்டாள், மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து. அஞ்சலை தலையாட்டினாள். பிறகு மூக்கில் விரல் வைத்துக்கொண்டு, "ம்... மீ" என்றாள். 'ன்' இன்னும் வரவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இதுக்காக்குமா எந்திரிச்ச?"

"ஆமாம்மா."

மறுபடி மீனை ஆயத் தொடங்கினாள். இத்தனை வாரங்களில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.


3 ஜூன்

பயிற்சிக்கு வேறு சபையிலிருந்து ஒருவர் போகிறாராம். கம்பளி அவருக்கு. எனக்கு நிம்மதி வர வேண்டும். பாதிதான் வந்தது. மீதியில் இன்னும் 'கூப்பிட்டாரா?' என்ற அந்தக் கேள்விதான். என் பெயர் சொல்லி ஒரு குரலும் இதுவரை கேட்கவில்லை. ஒருவேளை எனக்கும் உதட்டைப் பார்த்துத்தான் பழக வேண்டுமோ என்னவோ.


18 ஜூன், ஞாயிறு

பள்ளி திறந்துவிட்டது. என் வகுப்பில் புதிதாக இரண்டு பிள்ளைகள்.

சாயங்காலம் குடும்ப ஜெபம். அஞ்சலையும் இருந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அஞ்சலைக்கு எதிரே உட்கார்ந்து, கண்களைத் திறந்துகொண்டே ஜெபம் பண்ணினாள்.