மூன்று நாள் ஏறாத மெமரி

ஜூலை 8, செவ்வாய்
லேபிள் அடிக்கும் புரோகிராம் இன்றும் மதியத்துக்குள் உறைந்து நின்றுவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்கு அனுப்ப வேண்டியதில் பாதிதான் போனது. கடைக்கார ஆவுடையப்பன் அண்ணாச்சி போனில், "ஆடிப்பூரத்தன்னைக்கும் இப்பிடி நின்னா தாங்காது தாயி. சிவகாசில குடுத்துருவேன், கோவிச்சுக்கிடாத" என்றார். வீட்டிலிருந்தபடி நானே தட்டித் தட்டிக் கற்ற வேலை. போய்விடுமோ?

ஜூலை 9
புரோகிராம் எழுதிக் கொடுத்த பெலிக்ஸ் தம்பியைக் கேட்டேன். "மத்தவுகளுக்கு நல்லா ஓடுதேக்கா. டாஸ்க் மேனேஜர்ல மெமரி எம்புட்டுன்னு பாத்து எழுதுங்க."
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்:
9 மணி – 200 எம்.பி.
10 – 590
11 – 1,010
12 – 1,430. நின்றது.

ஜூலை 11
அதே. வீட்டுக்காரர், "பழைய கம்ப்யூட்டரு, மூச்சு வாங்குது" என்கிறார். வாங்கின மூச்சை விடணும்ல? ஏறினது இறங்கவே இல்லையே.

ஜூலை 14
வீட்டுக்குத் தூரம். லேபிளில் நாச்சியார் படம். மூன்று நாள் முகம் பார்க்கக் கூடாதென்று, அடிக்குமுன் தாளைத் திரையில் காட்டும் பிரிவியூவைத் திறக்காமலே பிரிண்ட் கொடுத்தேன். தாளை எடுத்து வெட்டியது இவர். "ஏட்டி, இன்னைக்கு நிக்கவே இல்லையே!"

ஜூலை 16
இன்றும் நிற்கவில்லை. மூன்று நாளும் 205-ஐத் தாண்டவில்லை. நான் பாக்காட்டிதான் ஓடுமா? தாயே, எங்கண்ணுதான் பட்டுச்சா?

ஜூலை 17
தலைக்குக் குளித்து, விளக்கேற்றி உட்கார்ந்தேன். பிரிவியூ திறந்தேன் – 230. மூடினேன் – 230. திறந்தேன் – 260. மூடினேன் – 260. பத்துத் தடவைக்கு 500. பட்டது என் கண் இல்லை!
பெலிக்ஸிடம், "மூணு நாள் பிரிவியூ தொறக்கல தம்பி, ஏறல" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. நல்லா இருக்கணும் அந்தப் பிள்ளை.
"ஒரு நாளைக்கு எத்தன தடவக்கா தொறப்பீக?"
"ஒவ்வொரு தாளுக்கும். அம்மா முகம் பாக்காம அனுப்ப மாட்டேன்."
"அதானே! மத்தவுக காலைல ஒருக்கா பாக்குறதோட சரி."

ஜூலை 19
பெலிக்ஸ் வந்து சரிசெய்தார். "தப்பு என்னுதுக்கா. தொறக்கையில எல்லாம் புதுசா ஒரு படத்த ஏத்துது. மூடையில இறக்கி வைக்க நான் எழுதல. அம்புட்டுப் படமும் உள்ளயே அடுக்கிக் கெடந்துருக்கு." காபி குடித்துக்கொண்டே, "ஒரு தடவ பாத்தா ஒங்க அம்மா கோவிச்சுக்கிடுமோ?" என்று கேலி வேறு.
"ஒனக்கு மாதாவ ஒருக்காப் பாத்தாப் போதுமாக்கும்?" என்றேன். சிரித்துவிட்டார்.

ஜூலை 28, ஆடிப்பூரம்
தேருக்குப் போக முடியவில்லை. காலையிலிருந்து லேபிள்.
9 மணி – 200
12 – 231
5 – 231
தரிசனம் அறுபத்திரண்டு.