உன் அலுமினியத் தாழ்ப்பாளுக்கு உள்ளிருந்து

அன்புள்ள மகன் ஜோஸ்வினுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல ஆஷா டைப் பண்ணுகிறாள். கர்த்தருடைய கிருபையால் சிட்லபாக்கத்தில் அப்பாவும் உன் தங்கையும் நலம், நானும் நலம்தான், பாத்ரூமுக்குள் நலம். ஷார்ஜாவில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா என்று கேட்டிருந்தாய், நாளைக்குள் சொல்ல வேண்டுமாமே, நேற்று வரைக்கும் நான் போடு போடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது விஷயமாகத்தான் இது. ஷிப்டில் போனை எடுக்க மாட்டாய், அதனால் கடிதம்.

போன லீவில் பாத்ரூம் கதவிலிருந்த பித்தளைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு உங்கள் கம்பெனி அலுமினியத்தை மாட்டினாயே, பித்தளையில் மூன்றில் ஒரு பங்குதாம்மா எடை, துருவே பிடிக்காது என்று பெருமையாகச் சொன்னாயே, துரு பிடிக்கவில்லை, வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்து உள்ளேயே இறுகிவிட்டது, குளித்துவிட்டுத் திறக்கப் போனால் நகரவில்லை, பலமாக இழுத்தேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. (அண்ணா, நீ போட்ட ஸ்க்ரூ இரும்பு, நம் போர் தண்ணீர் உப்பு. இந்தக் கூட்டணியில் முதலில் அரிபடுவது அலுமினியம்தான், இது பிளஸ் ஒன் படிக்கிற எனக்கே தெரியும், நீ எப்படி இஞ்சினியர் ஆனாய்? இப்போது அம்மாதான் நம் வீட்டின் உள்துறை அமைச்சர். – ஆஷா)

அவள் நடுவில் என்ன எழுதுகிறாளோ, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. பித்தளையை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை, பின்பக்கக் குழாய் பித்தளைதான், அதிலிருந்த துத்தநாகத்தை இதே தண்ணீர் தின்று தின்று செம்பு நிறமாக்கி, போன மாதம் அப்பா திருகும்போது பிஸ்கட் மாதிரி உடைந்தது. ஆனால் அது நிறம் மாறி முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது, நாம்தான் பார்க்கவில்லை. உன் அலுமினியம் வெளியே பளபளவென்றே இருந்தது. உன் குரலும் போனில் அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு கூத்தைக் கேள். இவள் எத்தனை தடவை வெளியே கொக்கி போட்டு என்னை அலற வைத்திருக்கிறாள், இன்றைக்கும் அவள் வேலைதான் என்று நினைத்து திறடி திறடி என்று திட்டினேன், அவளோ நான் பழிவாங்க நடிக்கிறேன் என்று நினைத்து பாஸ்வேர்டு சொன்னால் திறக்கிறேன் என்றாள். என் குரல் உடைந்த பிறகுதான் ஓடிவந்து கதவைத் தள்ளிப் பார்த்தாள். (சாரி சொல்லிவிட்டேன். நானும் அழுதேன், அதை அம்மா டைப் பண்ணச் சொல்லவில்லை.) அப்பா பல்லாவரம் சந்தையில் இருக்கிறார், அந்த இரைச்சலில் போன் கேட்கவில்லை. ஆசாரி ஏகநாதன் கோவிலம்பாக்கத்திலிருந்து வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார். எதிர்வீட்டு அனந்தகிருஷ்ணன் சார் வந்து, நல்ல கதவு, உடைக்காதீங்க, உள்ளே காத்து வருது, தண்ணி இருக்கு, என்ன குறை, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். எங்கேயோ கேட்ட வார்த்தையாக இருக்கிறதே என்று யோசித்தேன். ஏசி ரூம் இருக்கு, சாப்பாடு போடுறாங்க, என்ன குறை, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கண்ணு என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உனக்குச் சொன்னது நான்தான். பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் வாங்கி வைத்துக்கொண்டான், மூச்சு முட்டுதும்மா என்று நீ ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னபோதுகூட அதைத்தான் சொன்னேன். அந்த மனுஷன் நல்லவர்தான், என் நல்லதுக்குத்தான் சொன்னார், ஆனால் உள்ளே இருப்பது அவர் இல்லை.

கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. வேலை கிடைக்கும்வரை வீட்டில் இரு, ஏன் வந்தாய் என்று உறவுக்காரர்கள் கேட்டால் அம்மா கூப்பிட்டாள் என்று சொல், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ இறங்கி வருகிற பாதையெல்லாம் தேவன் உன் கூடவே வரட்டும். மறக்காதே, முதலில் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கு, மற்றவர்களுக்குச் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

உள்ளே இருந்து,
உன் அம்மா தபீதாள்

வெளியே இருந்து,
ஆஷா (ஆசாரி இன்னும் வரவில்லை. நீ சீக்கிரம் வா.)