வந்து நின்ற நேரம்

மார்ச் 3

என் உப்புச்சட்டைக்காரருக்கு,

இங்கே நலம். நீங்களும் நலம் என்பது நேற்றுப் போனில் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிஷம் பேசினோம், அதில் ஒன்பது நிமிஷம் சின்ன முதலாளி போனை நக்கிக்கொண்டிருந்தாள். போன் அவளுக்கு, கடிதம் நமக்கு என்று நாம் போட்ட ஒப்பந்தம் சரிதான்.

அவளுக்குப் பல் வருகிறது. இரண்டு நாளாக உடம்பு லேசாகச் சுடுகிறது. "பல்லு முளைக்கறதுக்கெல்லாம் தூக்கிட்டு வராதீங்கம்மா" என்றார் டாக்டர். மறுநாளும் போனேன். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். துறைமுகத் திட்டம் என்றேன். "அதான். முப்பது வருஷம் கழிச்சு வரப்போறதுக்கு இப்பவே கவலைப்படற பழக்கம்" என்றார். கட்டணம் மட்டும் குறைக்கவில்லை.

இனி பெரிய செய்தி. நாட்டுக்கே ஒரு சரக்குத் திட்டம் போடுகிறோம் என்று சொன்னேன் அல்லவா, அது முடிவுக்கு வந்துவிட்டது. முந்நூற்று அறுபத்தாறு மீட்டர் நீளக் கன்டெய்னர் கப்பல்கள் வந்து நிற்க ஒரே ஒரு பெரிய துறைமுகம். அங்கிருந்து ரயிலில் உள்நாட்டு முனையங்களுக்குச் சரக்குப் போகும். மற்றத் துறைமுகங்களுக்குச் சின்னக் கப்பலில் போகும். அப்படிப்பட்ட ஒரு கப்பல் வந்து இறக்கினால் ஐம்பது சரக்கு ரயில் வேண்டும், நினைத்துப் பாருங்கள். அந்த ஒரே இடத்துக்குக் கடைசிச் சுற்றில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒன்று பாறைக்கரை: ஆழம் உண்டு, ரயில் இல்லை, ஊரே இல்லை. இன்னொன்று உங்களுடைய ஆற்றுமுகம்.

நீங்கள்தான் முன்னணி. நான் போட்ட மதிப்பெண்ணில் நாலு புள்ளி வித்தியாசம். எதனால் தெரியுமா? மூன்று வருஷப் பதிவேட்டில் உங்கள் துறைமுகத்தில் ஒரு கப்பல்கூடக் காத்திருக்கவில்லை. அந்தப் பக்கங்களில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எந்த இடம் முடிவாகிறதோ அங்கேதான் திட்ட அலுவலகமும் போகும். அதாவது நானும் இவளும். பதினாலு மாதமாக நீங்கள் விடுமுறைக்கு வருவதும் நான் பேருந்து நிலையத்தில் மூக்கைச் சிந்துவதும் முடிந்தது. கூடத்தில் தொட்டில் எந்தப் பக்கம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி அறிக்கை கொடுக்க வேண்டும். நான் எதையாவது விட்டிருந்தால் சொல்லுங்கள். சாப்பிடுங்கள். படகில் லைஃப் ஜாக்கெட் போடுங்கள், சிரிக்காதீர்கள், போடுங்கள்.

உங்கள்,
கணக்குப்பிள்ளை


மார்ச் 8

என் கணக்குப்பிள்ளைக்கு,

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நாலாவது தரம் படகோட்டி பிடுங்கப் பார்த்தான். "என்ன பைலட் சார், கப்பல்ல ஏறும்போதுகூட இப்படிப் பல்லைக் காட்டினதில்லையே" என்கிறான்.

உன் கணக்கில் குறை சொல்ல நான் யார்? எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளிக்கடலில் வரும் கப்பலில் ஏணி பிடித்து ஏறுவது, ஆற்றுக்குள் கொண்டுவந்து கட்டுவது, இறங்குவது. திட்டம் போடுவது உன் பாடு.

ஆனால் வீடு பார்ப்பது என் பாடு. நேற்றே பார்த்துவிட்டேன். இரண்டாவது மாடி, மூன்று அறை, குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர். வீட்டுக்கார அம்மா, "குழந்தை அழுமா?" என்று கேட்டார். "அழும், அதைவிட அவ அம்மா அழுவா" என்றேன். சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

பால்கனிதான் விசேஷம். அங்கிருந்து கடல் முழுசாகத் தெரிகிறது. சாயங்காலம் நின்று பார்த்தேன். வெளியே ஐந்து கப்பல், நங்கூரம் போட்டு, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கின்றன. விளக்கு போட்டதும் அவ்வளவு அழகு. சின்ன முதலாளியைத் தூக்கி வைத்துக்கொண்டு எண்ணச் சொல்லித் தரலாம். தினமும் நாலைந்துக்குக் குறையாது.

சூடு குறைந்ததா? டாக்டரிடம் மூன்றாம் தரம் போனாயா என்று கேட்கமாட்டேன். போயிருப்பாய்.

உன்,
உப்புச்சட்டை


மார்ச் 12

அன்புள்ள உங்களுக்கு,

சூடு இறங்கிவிட்டது. கீழே ஒரு பல், அரிசி மாதிரி. மூன்றாம் தரம் போகவில்லை. போன் மட்டும் செய்தேன்.

பால்கனியைப் படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. காப்பகத்தில் இவளை விட்டுவிட்டு அலுவலகப் படியில் ஏறுகிறபோதுதான் கால் நின்றது. ஐந்து கப்பல் வெளியே ஏன் நிற்கின்றன?

உங்கள் பதிவேட்டில் காத்திருந்த நேரம் பூஜ்யம். உங்கள் பால்கனியில் தினமும் நாலைந்து. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும்.

மேஜைக்குப் போய் உங்கள் படிவங்களை மறுபடி எடுத்தேன். ஏறிய நேரம், கட்டிய நேரம், இறங்கிய நேரம். வந்து நின்ற நேரத்துக்குக் கட்டமே இல்லை. இல்லாத கட்டத்தை நான்தான் பூஜ்யம் என்று படித்திருக்கிறேன். பாறைக்கரைக்காரர்களின் படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது. ஒளிக்காமல் எழுதியதற்கு அவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். நாலு வருஷம் படித்து, ஆறு வருஷம் வேலை பார்த்து, இப்படி ஒரு தப்பு.

இதை உங்கள் மனைவி கேட்கவில்லை, திட்ட அலுவலகம் கேட்கிறது. அவை எதற்காக நிற்கின்றன? எவ்வளவு நேரம்? போனில் கேட்டால் நீங்கள் "ம்" என்பீர்கள், நான் அந்த "ம்"மையே வைத்து அழுவேன். எழுதுங்கள்.

வீட்டுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

க.பி.


மார்ச் 17

கணக்குப்பிள்ளைக்கு,

உன் கேள்விக்குப் பதில் எனக்கு அன்றே தெரியும். எழுதத்தான் நாலு நாள் ஆனது.

ஆற்றுக்குள் நுழைந்ததும் ஒரு வளைவு இருக்கிறது. நீ படத்தில் பார்த்திருப்பாய். வருஷத்துக்கு ஒரு தரம் தூர்வாரும் கப்பல் வந்து வாரிவிட்டுப் போகும். அது போன மறுநாள் ஆழம் அளப்பார்கள். பதினாறரை மீட்டர். அந்த எண்தான் உன் மேஜைக்கு வருகிறது. முதல் மழைக்கே ஆறு தன் மண்ணைக் கொண்டுவந்து அதே இடத்தில் போட்டுவிடும். பிறகு பதினாலு, பதின்மூன்றே முக்கால். நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறோம், சட்டைப் பைக்குள். வளைவைத் தாண்டும்போதெல்லாம் கருவி காட்டுகிற ஆழத்தைக் குறித்துக்கொள்வோம். யாரும் கேட்டதில்லை, யாருக்கும் கொடுத்ததில்லை. நீர் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் கப்பலை உள்ளே எடுப்போம். அதுவரை அது வெளியே நிற்கும். சில நாள் ஆறு மணி நேரம், சில நாள் இருபது.

பைலட் ஏணியில் கால் வைத்த நிமிஷத்திலிருந்துதான் எங்கள் கடிகாரம் ஓடும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வந்த பழக்கம். பொய் எழுதவில்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம்.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே இது நெஞ்சில் இடித்தது. சொல்லவில்லை. குளிப்பாட்டும்போது அவள் எப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு இன்னும் தெரியாது, அதனால் சொல்லவில்லை. வேறு காரணம் கிடையாது.

நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மற்ற மூன்று பைலட்டுகளிடமும் கேட்டேன். இரண்டு பேர் கொடுத்தார்கள். மூன்றாமவர், "இருக்கற படகுலயே ஓட்டை போடறியேப்பா" என்றார். "ஓட்டை ஏற்கெனவே இருக்கு, நான் கைய மட்டும்தான் எடுக்கறேன்" என்றேன். மறுநாள் தன் நோட்டை என் சாப்பாட்டுப் பையில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். நாலும் உன்னிடம் இருக்கின்றன.

நீ எதை எழுதினாலும் சரி. ஆனால் ஒன்று: நீ சொல்கிற அந்த நீளக் கப்பலை அந்த வளைவில் நான் திருப்பமாட்டேன். யார் சொன்னாலும்.

வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா, "குழந்தை வரலையா?" என்றார்.

உன்,
உ.ச.


மார்ச் 29

என் உப்புச்சட்டைக்காரருக்கு,

நாலு நோட்டையும் வரிசை வரிசையாகக் கணினியில் ஏற்றினேன். உங்கள் எழுத்து மட்டும் மழைக்காலத்தில் கோழி கிளறின மாதிரி இருக்கிறது. அலை என்று மன்னித்தேன். மூன்று வருஷம், இரண்டாயிரத்துச் சொச்சம் அளவுகள். எந்தக் கருவியும் எந்த நிபுணரும் எனக்கு இப்படி ஒன்றைத் தந்ததில்லை.

இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனேன். என் தப்பை முதலில் சொன்னேன், பிறகு நோட்டுகளை வைத்தேன்.

"இது யார் குடுத்தது?"

"என் வீட்டுக்காரர். அவரோட கூட்டாளிகளும்."

"அவர் ஆற்றுமுகத்துலதானே இருக்கார்? அங்க வீடுகூடப் பாத்தாச்சுன்னு சொன்னீங்களே."

"ஆமா மேடம்."

நாலு நோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். "அப்போ இந்தக் கணக்கை நான் சரிபாக்க வேண்டியதில்ல" என்றார்.

நேற்று அறிக்கை போய்விட்டது. பெரிய கப்பல் பாறைக்கரைக்கு. அங்கே தொண்ணூறு கிலோமீட்டர் புது ரயில் பாதை. உங்கள் துறைமுகத்தை நான் கைவிடவில்லை. பாறைக்கரையில் இறங்குகிற சரக்கில் பாதி சின்னக் கப்பல்களில் உங்களிடம்தான் வரும், இருக்கிற ரயிலில் உள்ளே போகும். அந்த அளவுக் கப்பலுக்கு உங்கள் வளைவு தாராளம். ஒரு யானைக்குப் பதில் ஏழு ஆடு என்று உங்கள் கூட்டாளியிடம் சொல்லுங்கள். மேய்ப்பவனுக்கு வேலை கூடத்தான் செய்யும். எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரே படிவம், அதில் வந்து நின்ற நேரத்துக்கு ஒரு கட்டம் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

திட்ட அலுவலகம் பாறைக்கரைக்குப் போகிறது. தகரக் கூரை போட்ட நாலு அறை, ஒரு டீக்கடை. மருத்துவமனை நாற்பது நிமிஷம். நானே வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், இரண்டு தரம். கைக்குழந்தையோடு வருவீர்களா என்று கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்ட வேண்டுமானால் இவளிடம் போனில் திட்டுங்கள்.

ஆழமான இடத்துக்கும் பைலட் வேண்டும். விளம்பரம் அடுத்த வாரம் வரும். நான் வரச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற நிமிஷத்திலிருந்துதான் நம் வீட்டிலும் கடிகாரம் ஓடுகிறது. அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நின்றது எந்தக் கட்டத்திலும் இல்லை. அது எனக்குக் கோபம். இத்தனை நாள் அதைக் கவலை என்று நினைத்து டாக்டரிடம் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பல்லும் வந்துவிட்டது. கடிக்கிறாள்.

உங்கள்,
கணக்குப்பிள்ளை


ஏப்ரல் 10

என் கணக்குப்பிள்ளைக்கு,

விளம்பரம் வந்த அன்றே விண்ணப்பித்தேன். பதில் வர மாதக்கணக்காகலாம், வராமலும் போகலாம். அங்கே என்னைவிடப் பெரிய கப்பல் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காத்திராமல் மூன்று வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பாறைக்கரைக்குச் சாமான் ஏற்ற ஆள் வேண்டும் அல்லவா. தொட்டிலை நான் கட்டுகிறேன், முடிச்சு மட்டும் எனக்கு நன்றாக வரும்.

இங்கே யாரும் என்னை அடிக்கவில்லை. படகோட்டி மட்டும் ஆட்டுக்காரரே என்று கூப்பிடுகிறான்.

உன் புதுப் படிவம் அச்சாகி வர நாளாகும் என்றார்கள். நாங்கள் நாலு பேரும் பழைய படிவத்திலேயே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுக்கொண்டோம். திங்கள் முதல் எழுதுகிறோம். முதல் வரிசை என் கையால் எழுதினது. கை பழகட்டும் என்று இன்னொரு தாளிலும் எழுதிப் பார்த்தேன். அதை அனுப்புகிறேன், தப்பிருந்தால் திருத்து.

வந்து நின்றவர்கள்: இரண்டு பேர்.
வந்து நின்ற நேரம்: ஒருத்தி, பதினைந்து மாதம் முன்பு. இன்னொருத்தி, பிறந்த அன்று.
காரணம்: பைலட் தாமதம்.
ஏறும் நேரம்: வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணிப் பேருந்து.

உன்,
உப்புச்சட்டை