பாரத்தில் கேஸ்ட்ரிக்

9 ஜூன், திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். வானம் மூடியே கிடக்கிறது, மழையைக் காணோம். ஸ்டோரில் காற்றாடி கெட்டு மூன்று நாள். மேசை நாற்காலிக்குப் பூசுகிற பசையின் வாடை தலைக்குள் ஏறிவிட்டது.

இந்த வருஷக் கம்பெனிப் பயணம் மெர்சிங் கடற்கரை இல்லையாம். பேராக்கில் ஏதோ ஆறு. ரப்பர் படகில் ஏறி, பாறைகளுக்கு நடுவே வெள்ளத்தோடு இறங்குவது. நோட்டீஸ் படத்தில் எல்லாரும் வாயைப் பிளந்து சிரிக்கிறார்கள், கடைவாய்ப் பல் வரை தெரிகிறது. படகில் இருவர் இருவராக ஜோடி. வெள்ளிக்குள் பெயர் எழுதி, பாரத்தின் கட்டங்களை நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

வசந்தி என்னைக் கேட்காமலே எங்கள் இருவரையும் ஜோடியாக எழுதிவிட்டாள். பேக்கிங் பகுதி, பதினொரு வருஷமாக என்னோடு சாப்பிடுகிறவள், வாய் மூடாதவள். 'நோய் ஏதும் உண்டா' என்ற கட்டத்தையும் எனக்காக அவளே நிரப்பியிருக்கிறாள். கேஸ்ட்ரிக்.

"நீதான் கேஸ்ட்ரிக் பார்ட்டியாச்சே. போட்டுட்டேன்லா."

ஆபீஸ் கிராணி ரொஹாயா அக்கா பாரங்களைப் புரட்டிப் பார்த்தார். "செமுவா இந்தியா கேஸ்ட்ரிக் கா?" இந்தியர் எல்லாருக்குமே கேஸ்ட்ரிக்தானா என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சீ.

எனக்குக் கேஸ்ட்ரிக் கிடையாது. வலிப்பு. இந்த நோட்டிலாவது எழுதி வைக்கிறேன்.

10 ஜூன், செவ்வாய்

அதே புழுக்கம். லாபிஸுக்குப் போன், அம்மாவிடம்.

"போகாத. போனாலும் வாயத் தொறந்து யார்ட்டயும் சொல்லிடாத."

"ஆத்துல வந்து தொலைஞ்சா?"

"கேஸ்ட்ரிக்னு சொல்லிக்கலாம்."

பிணத்தைக் கரையேற்றினாலும் கேஸ்ட்ரிக்தான்.

இந்தப் பொய்யை ஆரம்பித்ததே அம்மாதான். இரண்டாம் படிவம், பள்ளிச் சபைக்கூடல். கண் விழித்தபோது வெயில், ஈரப் பாவாடை, சுற்றிலும் வெள்ளைச் சப்பாத்துகள். கைக்குள் யாரோ திணித்த சாவிக்கொத்து. இரும்பு பட்டால் வலிப்பு நிற்குமாம். துரு வாடை இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. அம்மா ஓடி வந்து சொன்ன முதல் வார்த்தை: "கேஸ்ட்ரிக் டீச்சர், காலையில சாப்பிடல." இருபத்தைந்து வருஷமாக அதே பொய். பெண் பார்க்க வந்த வீட்டில், வேலை இண்டர்வியூவில், அத்தை வீட்டு விசேஷத்தில்.

ஆனாலும் ஆற்றுக்குப் போக ஆசை. மறைத்து என்ன. மெர்சிங் பயணம் மூன்று முறை. எல்லாரும் கடலில், நான் பாயில். அங்கே என் பெயரே 'பேக் ஜாகா', பைக்காவல்காரி. போன தடவை பதினேழு ஜோடிச் செருப்பு, கைப்பைகள், டிசுவில் சுற்றிய யாருடைய பல்செட்டோ. அதற்கும் நான்தான் காவல். அலமாக். நினைத்தாலே குமட்டுகிறது.

ஒரு தடவை நனைய வேண்டும். அவ்வளவுதான்.

11 ஜூன், புதன்

மழை. அரை நாள் லீவு. கிளினிக்கில் இரண்டு மணி நேரம். பக்கத்து நாற்காலி ஆள் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார், ஒரு துண்டு என் சப்பாத்து மேல் விழுந்தது. எடுக்கவில்லை, உதறினேன்.

டாக்டர் புதுசு, சின்னப் பெண், தமிழ். நல்லபடியாகக் கேட்டாள்.

"கடைசியா எப்பக்கா பிட்ஸ் வந்துச்சு?"

"ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர். ரப்பர் படகுல ஆத்துல இறங்கலாமா?"

பைலில் அப்படித்தான் இருக்கிறது. பைலும் பொய். சீனப் புத்தாண்டு லீவில் வந்தது. சமையலறையில், தனியாக. நாக்குக் கடிபட்டு, கொட்டின மீன் குழம்பில் கன்னம் வைத்துக் கிடந்தேன். நானே எழுந்து நானே துடைத்தேன். சொன்னால் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது என்பார்கள், வேலைக்கு எதில் போவது?

"ரெண்டு வருஷம் வரலைன்னா யோசிக்கலாம்க்கா. மாத்திரை ஒரு வேளை கூட விடக்கூடாது. ராத்திரி பஸ்ல தூக்கம் கெட்டுச்சுன்னா மறுநாள் இறங்காதீங்க. படகுக்காரங்ககிட்ட கண்டிப்பா சொல்லணும், அவங்க வேணாம்னா வேணாம்தான். ஜாக்கெட் மிதக்க வைக்கும். மூஞ்சி தண்ணிக்கு மேலயே இருக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஒரு வருஷத்துக்குள்ள ஒன்னு வந்திருந்தா, போகாதீங்கன்னுதான் சொல்லுவேன்." என் முகத்தைப் பார்த்தாள். "வரலதானே?"

"வரல."

கடிதம் கொடுத்தாள். முத்திரையெல்லாம் குத்தி, சுத்தமாக. வாங்கிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். சந்தோஷம் வரவில்லை. என் மூஞ்சியை நானே பார்க்கப் பிடிக்காமல், மோட்டார் கண்ணாடியைத் திருப்பிவிட்டு வந்தேன்.

12 ஜூன், வியாழன்

வெயில். சாப்பாட்டு நேரத்தில் வசந்தியிடம் சொன்னேன். பாதிதான். வலிப்பு, மாத்திரை, டாக்டர் கடிதம். புத்தாண்டுக் கதையை விழுங்கிவிட்டேன்.

சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. "காக்கா வலிப்பாடி? தொத்துமா?"

"தொத்தாது."

தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே நெத்திலிச் சம்பல் டப்பாவை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பதினொரு வருஷம் அதே டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டவள் நான். பிறகு அரைவாசி முதுகைக் காட்டிக்கொண்டு தின்று முடித்தாள்.

வயிறு எரிந்தது. நிஜமாகவே கேஸ்ட்ரிக் வந்துவிடும் போல.

13 ஜூன், வெள்ளி

பாரத்துக்குக் கடைசி நாள். தூறல்.

காலையில் வசந்தி நேராக ஸ்டோருக்கு வந்தாள். கையில் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புச் சாவி, மஞ்சள் கயிறு கட்டி.

"பழைய வீட்டு கேட் சாவி. நேத்து வீட்டையே பொரட்டித் தேடினேன்டி. இத என் ஜாக்கெட்ல கட்டிக்கிறேன். ஆத்துல உனக்கு வந்துச்சுன்னா குதிச்சு கையில வச்சிருவேன்."

"உனக்கு நீச்சல் தெரியாதேடி."

"அதான் ஜாக்கெட் இருக்குல்ல."

கடிதம் வாங்கியபோது என் ஆசையை மட்டும்தான் பார்த்தேன். ஜோடியில் இன்னொருத்தி இருக்கிறாள், குதிப்பாள் என்று ஒரு நொடி நினைக்கவில்லை. த்தூ, நானும் ஒரு மனுஷி.

ஆபீஸுக்குப் போய்ப் பயணப் பாரத்தில் என் பெயரை அடித்துவிட்டேன். ரொஹாயா அக்கா காரணம் கேட்டார். "சவான்" என்றேன். மலாயில் வலிப்புக்கு அதுதான். அவர் குரலைத் தணித்து, கேஸ்ட்ரிக் என்றே இருக்கட்டும், அதுதான் சுலபம் என்றார். பேனாவை வாங்கி 'சவான்' என்று நானே எழுதினேன், கட்டத்தை விட்டு வெளியே வரும்படி. அப்படியானால் பை பார்க்கவாவது வாயேன் என்றார். பை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளட்டும்.

வசந்தியிடம் மீதிக் கதையையும் சொன்னேன்.

"நாலு மாசம் முன்னாடியா? பாவி, என்னையும் சேத்துக் கொன்னிருப்பியேடி!" பேக்கிங் பகுதி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மதியம் தானே ஸ்டோருக்கு வந்தாள். சம்பல் டப்பாவை நடுவில் வைத்தாள். சாவியை என் பக்கம் தள்ளினாள். "வீட்டுக்கு வச்சிக்க."

"சாவியெல்லாம் வேலைக்காகாது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சா போதும். வாயில எதையும் திணிக்காத. கடிகாரத்தப் பாரு. அஞ்சு நிமிஷம் தாண்டுச்சுன்னா ஆம்புலன்ஸ்."

"எந்தப் பக்கமா?"

இருபத்தைந்து வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஒரு கணம் எனக்கே மறந்துவிட்டது.

"இடது பக்கம்."

எழுந்து போய் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்தாள். பசை வாடை, மரத்தூள், ஓரமாக எலிப் புழுக்கை.

"படு. காட்டு."

படுத்தேன்.