நாலாவது பெட்டிக்குப் போட்ட தீவனம்

ஆஸ்பத்திரி ஆறாவது மாடியில் பிள்ளையோடு இருக்கும் என் பேத்திக்கு, பாட்டி எழுதிக்கொள்வது.

நான் சௌக்கியம். முட்டிவலி எப்போதும்போல இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீ பதினொரு நாளாக என் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளைதான் தினமும் காலையில் "பிள்ளை இருக்கு பாட்டி" என்று ஒரு வரி அனுப்புகிறார். "நல்லா இருக்கு" என்று அவர் எழுதுவதில்லை. பொய் சொல்ல வராத மனுஷர். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டுகிறேன். உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. போனில் பேசினால் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது. காகிதத்தில் அப்படி ஓட முடியாது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் எழுத வேண்டும். இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் ஆகிறது.

முதலில் ஷெட்டில் நீ வளர்க்கிற புழுக்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கு வந்த பிறகுதான் மற்றதற்கு வர முடியும்.

அன்றைக்கு மாதம் ஆகாமலே வலி எடுத்து உன்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, அந்த வலியிலும் நீ என் கையைப் பிடித்து, "பாட்டி, ஷெட்டுல எல்லாம் எழுதி அட்டை மாட்டியிருக்கேன், அதைப் பார்த்துப் போடு" என்றாய். நான் தலையை ஆட்டினேன். ஆனால் அட்டையைப் பார்க்கவில்லை. உன் அம்மாவை வளர்த்தேன், அவள் போன பிறகு ஏழு வயதிலிருந்து உன்னை வளர்த்தேன், புழுவுக்குச் சோறு போட எனக்கு ஒரு பாடமா என்ற எண்ணம்தான்.

முதல் மூன்று பெட்டியிலும் இருக்கிற சிவப்புப் புழு என் மானத்தைக் காப்பாற்றிவிட்டது. காய்கறித் தோல், டீத்தூள் சக்கை, இடித்த முட்டை ஓடு, தர்பூசணித் தோல் எல்லாவற்றையும் நீ செய்கிற மாதிரி ஒரு வாரம் ஒரு மூலை, அடுத்த வாரம் அடுத்த மூலை என்று புதைத்தேன். எலுமிச்சையும் வெங்காயமும் உப்புப் பட்டதும் போடவில்லை, அதுவரைக்கும் எனக்குத் தெரியும். இப்போது அள்ளினால் உரம் மழை பெய்த மண் மாதிரி வாசம் அடிக்கிறது. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம், "என் பேத்தி ஆரம்பிச்சது, பார்" என்று ஒரு கைப்பிடி காட்டினேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க பேத்தி டாக்டரா ஆகியிருந்தாகூட இப்படி ஊரெல்லாம் காட்டியிருக்க மாட்டீங்க" என்றாள். காட்டியிருப்பேன், அது அவளுக்குத் தெரியவில்லை.

நாலாவது பெட்டிதான் விஷயம். நீ ஒவ்வொரு முறையும் பெரிய புழுவாகப் பொறுக்கிப் பொறுக்கி இரண்டு வருஷமாக வளர்த்தாயே, அந்தத் தூண்டில் புழு.

நீ போன எட்டாம் நாள் காலையில் உன்னிடம் புழு வாங்குகிற தூண்டில் கடைக்காரர் வந்தார். பெட்டியைத் திறந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன பாட்டிம்மா, நூல் மாதிரி இருக்கு? இதை ஏரியில போட்டா மீன் கடிக்காது, சிரிக்கும். உங்க பேத்தி கொடுக்கிறது என் சுண்டு விரல் தண்டி இருக்குமே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் வீட்டில் ஒரு ஜீவன் இளைத்துப் போயிற்று என்று வெளியாள் ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அன்று மத்தியானம்தான் நீ போன் செய்தாய். பிள்ளைக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டிருக்கிறார்கள், இரண்டு மணிக்கு ஒரு தடவை இரண்டு மில்லி பால் என்றாய். நேற்றிலிருந்து வயிறு உப்பியிருக்கிறது, அதனால் அந்தப் பாலையும் நிறுத்திவிட்டார்கள் என்றாய். நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன். "ரெண்டு மில்லின்னா நாக்கு நனையாது. அதையும் நிறுத்திட்டு வேடிக்கை பார்க்கறியா? நீயெல்லாம் ஒரு அம்மாவா? பட்டினி போட்டே கொல்லப் போறே" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

கோபம் வந்தால் எனக்குக் கையை ஓங்க வராது, சாப்பாடு போடத்தான் வரும். அது உனக்குத் தெரியும். நேரே ஷெட்டுக்குப் போனேன். அந்தப் புழுவுக்கென்று நீ வாங்கிவைத்த மூட்டையிலிருந்து மூன்று கிண்ணம் கோழித்தீவனம் எடுத்து, நாலாவது பெட்டியில் கொட்டி, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு மாவு பிசைகிற மாதிரி அடிவரை பிசைந்தேன். தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். மறுநாள் இன்னும் ஒரு கிண்ணம். அந்த மனுஷர் அடுத்த தடவை வரும்போது வாயைப் பிளக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஷெட் கதவைத் திறக்கும்போதே புளித்த வாடை. மூடியைத் தொட்டால் சுட்டது. தூக்கினேன். மூடியின் அடிப்பக்கம் முழுக்கப் புழு, ஒன்றோடொன்று சுருண்டு உருண்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் கொஞ்சம் ஓடிக் காய்ந்து கிடந்தது. பெட்டிக்குள் இருந்ததை எப்படிச் சொல்வது? உடம்பு ஒரே சீராக இல்லை. ஒரு இடம் இறுகி, ஒரு இடம் உப்பி, பாசிமணி கோத்த மாதிரி. தொட்டதும் உப்பின இடம் விட்டுப்போயிற்று.

நான் கடைக்காரருக்குப் போன் செய்தேன். மானத்தைப் பார்க்கிற நேரமில்லை. அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கேலி செய்யவில்லை. பெட்டியைத் தரையில் கவிழ்த்துப் பரப்பினார். புளித்ததையெல்லாம் வழித்து வெளியே போட்டார். உயிருள்ளதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். கிழித்து நனைத்த அட்டைப்பெட்டித் துண்டும் முட்டை ஓட்டுத் தூளும் போட்டு அதில் விட்டோம். தீவனம் உள்ளே புளித்துச் சூடாகிவிடும், அதைத் தின்ற புழுவுக்குள்ளேயும் புளிக்கும், அப்படித்தான் வெடிக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார். நான் கேட்டேன், இனி என்ன கொடுக்கட்டும் என்று. "ஒண்ணும் கொடுக்காதீங்க. பத்து நாள் கையைக் கட்டிக்கிட்டு இருங்க. உங்களால முடியுமா பாட்டிம்மா?" என்றார்.

அவர் போன பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் அட்டையின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்ற நினைப்பில் நிதானமாக, எனக்காகவே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாய். "நாலாம் பெட்டி: தீவனம் மேலாகத் தூவு, திருநீறு அளவு. கலக்காதே. காலையில் மிச்சம் இருந்தால் வழித்து எடு. தின்று முடிக்கிறவரை அடுத்தது கிடையாது." அதற்குக் கீழே சின்னதாக, "பாட்டி, பாவம் பார்க்காதே" என்று.

இப்போது மற்றதற்கு வருகிறேன்.

உன் அம்மாவுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தது. இது உன் அம்மாவுக்கும் தெரியாது. உன் தாத்தாவுக்குத் தெரியும், அவர் அதைப் பற்றிப் பேசினதில்லை. எட்டாம் மாதத்தில், வீட்டிலேயே பிறந்தது. என் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் அடங்கிவிடும். அழுதால் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்காது. எனக்குப் பால் சரியாகக் கட்டவில்லை. சுகாதார நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, சொட்டுச் சொட்டாகக் கொடு, அவசரப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, கரண்டியால் மணிக்கொரு தரம் கொடுத்தேன். விழுங்கியது. எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கியது. எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்ல. ஏழாம் நாள் வயிறு கல் மாதிரி ஆயிற்று. எட்டாம் நாள் இல்லை.

பசியால் போயிற்று என்றுதான் ஐம்பத்திரண்டு வருஷமாக நினைத்திருந்தேன். என் மார்பில் பால் இல்லாததால் போயிற்று என்று. அதனால்தான் உன் அம்மாவைத் துரத்தித் துரத்தி ஊட்டினேன். உன்னையும். பள்ளிக்கூட வேனை நிறுத்திவைத்து உன் வாயில் ஒரு வாய் திணித்திருக்கிறேன், டிரைவர் ஹாரன் அடிப்பான், நீ அழுவாய்.

அந்தப் பெட்டியைக் கவிழ்த்த அன்று, வழித்துப் போட்ட தீவனத்தை நான்தான் வாளியில் அள்ளினேன். அந்தப் புளித்த வாடை எனக்குப் புதிதாக இல்லை. முன்பே ஒரு முறை, ஒரு சின்னத் துணியில், அதே வாடை. வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. நீ படித்தவள், புரிந்துகொள்வாய். புரிந்தாலும் என்னிடம் கேட்காதே.

பெட்டியில் எவ்வளவு மிச்சம் என்று நீ கேட்பாய். முக்கால்வாசி போய்விட்டது. நீ பொறுக்கிச் சேர்த்த பெரியவற்றில் நாற்பது, ஐம்பது இருக்கும். மன்னிப்புக் கேட்டால் புழு திரும்பி வராது, ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். இன்றோடு எட்டு நாள் நான் ஒன்றும் போடவில்லை. தினமும் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன். கை பரபரக்கிறது. நேற்று அட்டைத் துண்டுக்கு அடியில் மஞ்சளாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, எலுமிச்சை வடிவில் ஐந்தாறு கிடந்தது. கடைக்காரரைக் கேட்டேன், முட்டைக்கூடு என்றார். சாப்பாடு இல்லாத பெட்டியில் எப்படி என்றேன். அட்டையே அதுக்குச் சாப்பாடுதான் பாட்டிம்மா, மெதுவா தின்னுது என்றார்.

பத்து நாள் ஆனதும் நீ எழுதிவைத்த அட்டையில் உள்ளபடி செய்கிறேன். தையல்காரம்மாவை வாசித்துக் காட்டச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டுதான் தூவுவேன். உன் அறை ஜன்னலைத் தினமும் திறந்துவைக்கிறேன். பிள்ளைத் துணியை இரண்டு தரம் துவைத்துக் காயவைத்து எடுத்திருக்கிறேன். நீ அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன், சொல்லாவிட்டால் இங்கேயே இருக்கட்டும்.

நேற்று மாப்பிள்ளை வழக்கத்துக்கு மாறாக இரண்டு வரி அனுப்பினார். பால் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள், ஒரு மில்லி என்று. அதைப் படித்ததும் ஒரு மில்லியா என்று வாய்வரைக்கும் வந்தது. வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். மருந்துக் கடைக்குப் போய் ஊசிக் குழாய் ஒன்று வாங்கி வந்து, அதில் ஒரு மில்லி தண்ணீர் எடுத்து என் உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட அதிகமாகத்தான் இருந்தது.

என் கண்ணே, நீ நல்ல அம்மா. அன்று போனில் நான் கேட்டதற்கு இதுதான் பதில், அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நர்ஸ் ஒரு மில்லி என்றால் ஒரு மில்லி கொடு. நிறுத்து என்றால் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திரு. பிள்ளையின் முகத்தைப் பார்த்து மனசு இளகினாலும் கரண்டியை எடுக்காதே. யார் வந்து என்ன சொன்னாலும் கேட்காதே. நாளைக்கு நானே பஸ் ஏறி வந்து, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, பிள்ளைக்குப் பசிக்கிறது என்று அழுதாலும் கேட்காதே. என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நீ உள்ளே போ.

நீயும் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்கு அவசரமில்லாமல் காத்திருக்கும்,
பாட்டி