கேப்ஷனை மறைத்த காதுகுத்து

9 ஜூன், திங்கள்
காலையிலிருந்து தூறல். சிங்காநல்லூர் ஸ்டுடியோவுக்கு நனைந்தே போனேன்.

மாட்டு டாக்டர் நிகழ்ச்சி. யூடியூபுக்குப் போட்ட சப்டைட்டிலை, காது கேளாதவர்கள் படிக்கும் டிவி கேப்ஷனாக மாற்றி லோக்கல் சேனலுக்கு அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. காரணம் ஒரே வரி: டைம் தப்பு. எங்கே, எவ்வளவு, ஒன்றும் இல்லை.

செந்தில் அண்ணன் (ஓனர். கல்யாண வீடியோதான் தொழில், இது புதுசு): “நீயே போன் போட்டுக் கேளு கண்ணு.”

போன். நான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதற்கே பள்ளிக்கூடத்தை விட்டவள். மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள். பதில் இல்லை.

இந்த வாரம் ஒரு பகுதியாவது டிவியில் சரியாக ஓடினால் இந்த வேலை எனக்கு. இல்லாவிட்டால் அடுத்த திங்கள் அம்மாவோடு மில்லுக்கு. சூப்பர்வைசரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். அம்மாவுக்குக் காது மந்தமானதே அந்த மில்லுச் சத்தத்தில்தான். சொன்னால், “காதுல பஞ்சு வெச்சுக்கலாம்” என்கிறாள்.

10 ஜூன், செவ்வாய்
மத்தியானம் பதில். டிவிக்காரர்களின் நேரக் கணக்கு சைபரில் தொடங்காதாம். முதல் நொடியே பத்து மணியாம். இதை நேற்றே சொன்னால் என்ன குறைந்துபோகும்?

எல்லாவற்றையும் பத்து மணி நேரம் தள்ளினேன். விளம்பர இடைவேளைக்குப் பின்னால் வருவதை மறுபடி தள்ளணும். அது முடிந்தால் வரி நீளம், அதற்கும் ஓர் அளவு. ‘வெதுவெதுப்பான’ மட்டுமே பாதி வரியை அடைக்கிறது. டாக்டர் ‘சுடுதண்ணி’ என்று சொல்லியிருக்கலாம்.

11 ஜூன், புதன்
ஃபைலை ஏற்றுக்கொண்டார்கள்! சாயங்காலம் வீட்டு டிவியில் கேப்ஷனை ஆன் பண்ணி உட்கார்ந்தோம்.

எழுத்து எங்கே? திரையின் அடியில் காதுகுத்து வாழ்த்து ஓடுகிறது. மாமன்மார் போட்டோ, சீர்த்தட்டு, வாழ்த்துவோர் பெயர் ஒரு கூடை. அதற்குப் பின்னால் என் எழுத்தின் உச்சி மட்டும்.

அம்மா: “எழுத்து வரும்னு சொன்னே? காதுகுத்துத்தான் வருது.”

ஸ்டுடியோவில் ஒருத்தரும் இந்த நிகழ்ச்சியை டிவியில் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டரில் காதுகுத்து வராது. தூ.

12 ஜூன், வியாழன்
அண்ணன் டிவிக்காரரைக் கூப்பிட்டார், ஸ்பீக்கரில்.

“ஏனுங்க, அந்த வாழ்த்தைக் கொஞ்சம் நிறுத்த முடியாதுங்களா?”

“அதுலதானுங்க எங்க பொழப்பே ஓடுது. மாமன் மூஞ்சி மறைஞ்சா ஆபீசுக்கே வந்துருவாங்க. நீங்க எழுத்தை மேல தூக்கிப்போடுங்க.”

தூக்கினேன். மேலே தங்கம் விலை. நடுவில் வைத்தால் டாக்டர் முகம்.

அண்ணன்: “மூஞ்சி போனாப் போகட்டும். மாடு தெரிஞ்சாப் போதும்.”

வாழ்த்துக்குச் சற்று மேலே வைத்துப் பார்த்தேன். பரவாயில்லை. ஆனால் டாக்டர் மாட்டின் மடியைத் தொட்டுக் காட்டும்போது எழுத்து மடி மேலேயே. அந்த இடங்களில் மட்டும் இன்னும் ஏற்றணும். ஒவ்வொன்றாக, கையால். கண் எரிச்சல். டீ ஆறிவிட்டது.

13 ஜூன், வெள்ளி
இரண்டாம் பகுதி அனுப்பியாயிற்று. நாளைக்கு ஓடும்.

அண்ணன்: “இதுவும் சொதப்புச்சுன்னா விட்டறலாம் கண்ணு. நமக்குக் கல்யாண வீடியோவே போதும்.”

அவருக்குப் போதும்.

14 ஜூன், சனி
மழை இல்லை. ஓடியது. அடியில் யாரோ வீட்டுக் கிரகப்பிரவேசம், அதற்கு மேல் என் வரிகள், முழுசாக. அண்ணன் மெசேஜ்: “சூப்பர். திங்கக்கெழம வந்துரு.”

அம்மா உதடசைத்துப் படித்தாள். பாதியில் அடுத்தது வந்துவிடுகிறது.

“ஏன் இப்பிடி ஓடுது? எத்தன நாளைக்கு ஒத்தடம்னு படிக்கறதுக்குள்ள போயிருச்சே.”

சனியன். டிவிக்காரருக்குச் சரி, அம்மாவுக்குப் படிக்க நேரம் போதவில்லை. எல்லாவற்றையும் மறுபடி நீட்டணும்.

விளம்பரம் வந்தது. சொன்னேன். “நான் மில்லுக்கு வர்லீங்கம்மா.”

திரும்பவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். திரும்பவில்லை. கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அம்மா டிவியைப் பார்த்தபடியே: “மொதல்லயே கேட்டுச்சு. சூப்பர்வைசருகிட்ட என்ன சொல்றதுன்னு ரோசன பண்ணீட்டிருக்கறேன். செத்த இரு.”