பின்வாசல் பாதாம்

ஜூலை 9

அன்புள்ள சுண்டெலியின் அப்பாவுக்கு,

ஊருக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தோம். வந்த அன்றே உங்கள் மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. "வேர்க்குருவுக்கெல்லாம் யாராவது அழுவாங்களாம்மா?" என்றார் டாக்டர். அவர் கேட்டது என்னை. தூங்குகிறவளின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பார்த்து முடித்ததும் வீடு கம்மென்று ஆகிவிடும். அதுதான் ஆளைத் தின்கிறது.

உங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தவரை வெயில், வெயில் என்று புலம்பினேன். இப்போது அந்த வெயிலே தேவலை. அறுவடையோடு ஆராய்ச்சி முடியும், ஊருக்கே மாற்றல் என்றீர்களே, உறுதிதானே? போன் சிக்னல் எட்டாத தோட்டத்தில் இருப்பவரிடம் இதைக் கேட்க எனக்குத் தபால்காரரை விட்டால் யார்?

உங்கள்,
சுண்டெலி அம்மா

ஜூலை 28

என் பயந்தாங்கொள்ளிக்கு,

வேர்க்குரு தானே போய்விடும். ஒரு நல்ல செய்தி கேள்.

தண்ணீரே விடாமல் வைத்திருக்கும் வரிசைகளைப் பார்த்தாயே. வறட்சி மட்டும் என்றால் பாதாம் மரம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு தாக்குப்பிடிக்கும். வெயில் மட்டும் என்றால் துளைகளைத் திறந்து, வியர்த்து, இலையைக் குளிரவைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் திண்டாட்டம். திறந்தால் இருக்கிற நீரும் போகும். மூடினால் இலை வெந்துபோகும். எல்லா மரமும் இலை கொட்டிவிட்டது. காயை உடைத்தால் பருப்பு சூம்பிக் கிடக்கிறது.

ஒன்றே ஒன்று தவிர! நம் பின்வாசலை ஒட்டிய கடைசி மரம். இலை பச்சைப் பசேல், பருப்பும் திரட்சி. எங்கள் ஆராய்ச்சித் தலைவர், அதுதான் பெரியவர், அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். "வேர் ஆழத்துக்குப் போயிருக்குய்யா. இதுலருந்து ஒட்டுக் கட்டு" என்கிறார். அதற்கு நான் இங்கே மூன்று வருடமாவது இருக்க வேண்டும். இப்படியொரு மரம் ஒருவன் ஆயுளில் ஒரு தடவைதான் கிடைக்கும். கோபித்துக்கொள்ளாதே.

உன்,
தோட்டக்காரன்

ஆகஸ்ட் 6

அன்புள்ள சுண்டெலியின் அப்பாவுக்கு,

கோபமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்த மரத்தடிக் கல்லில் வைத்துத்தான் இவளைத் தினமும் குளிப்பாட்டினேன். தொட்டித் தண்ணீரை அப்படியே மரத்தூரில் சாய்த்துவிடுவேன். துணி அலசிய தண்ணீரும் அங்கேதான். வாசலில் கொட்டினால் சேறாகி, இருட்டில் வருகிற நீங்கள் வழுக்கி விழுந்துவிடுவீர்களே என்று பயம். உங்கள் வரிசையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

இதை எழுதாமல் விட்டால் மூன்று வருடம் என் சோப்புத் தண்ணீருக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். எழுதினால் உங்கள் ஆசையில் மண். எழுதிவிட்டேன். என்னைத் திட்டுங்கள். ஆனாலும் மனதின் ஒரு மூலையில் சந்தோஷமாக இருக்கிறது. இனி உங்களை அங்கே பிடித்துவைக்க ஒன்றுமில்லை, வந்துவிடுவீர்கள். ஜன்னலோரம் உங்கள் மேஜையைத் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

உங்கள்,
சுண்டெலி அம்மா

ஆகஸ்ட் 25

அன்புள்ள உனக்கு,

பெரியவரிடம் சொன்னேன். "என்னய்யா, உன் பொண்ணு குளிச்ச தண்ணிக்கா நாம மாநாடு கூட்டப் பார்த்தோம்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். உன்மேல் வருத்தமில்லை. அந்த மரத்தைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டோம்.

மாற்றலுக்கு எழுதித் தரட்டுமா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றேன். புது வரிசைகள் நடப்போகிறோம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். விடிந்தால் வேலை, இருட்டினால் தூக்கம். எனக்கு இது பழகிவிட்டது. நீ புரிந்துகொள்வாய். குழந்தையைப் பார்த்துக்கொள்.

தோட்டக்காரன்

அக்டோபர் 3

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்து வெகுநாளாகிறது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

மரம்தான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். பாவம், அதன்மேல் வீண்பழி.

நான் படித்த கல்லூரியிலேயே ஆய்வகத்தில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போய்வருகிறேன். பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். "உங்க வீட்டுக்காரர் எப்பம்மா வர்றார்?" என்று தினமும் கேட்பார். இப்போதெல்லாம் கேட்பதில்லை.

சுண்டெலி நடக்கிறாள். போன மாதமே நடந்துவிட்டாள். கதவைப் பிடித்து நின்றவள், விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தாள். அன்றைக்கு அழுதேன், சிரித்தேன், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றவேயில்லை. அது இப்போது, இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்டெலி அம்மா